பங்க் டீலரை ஆயில் கம்பெனி நசுக்கினா யார் தட்டிக் கேட்கிறது? அமெரிக்கச் சட்டம் போன பாதை

கலிஃபோர்னியாவுல ஒரு பங்க் டீலர், கேலன் 29.9 சென்ட்டுக்கு விக்கணும்னு கம்பெனி சொன்ன பெட்ரோலை 27.9 சென்ட்டுக்கு வித்துட்டாரு. பக்கத்துக் கடைக்காரன் விலையைக் குறைச்சுட்டான், வண்டியெல்லாம் அங்க போகுது, இவரும் ரெண்டு சென்ட் குறைச்சாரு, அவ்வளவுதான். யூனியன் ஆயில் கம்பெனி அவரோட லீஸை அடுத்த வருஷத்துக்குப் புதுப்பிக்கல. ஒரு வருஷ லீஸ், வருஷம் முடிஞ்சது, சாவியைக் குடுத்துட்டு கிளம்புன்னு சொல்லிட்டாங்க. அந்த கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1964ல தீர்ப்பு வந்துச்சு, லீஸையும் சரக்குக் கொடுக்கிற ஒப்பந்தத்தையும் கையில வெச்சுக்கிட்டு டீலர் என்ன விலைக்கு விக்கணும்னு கம்பெனி மிரட்டுறது போட்டிச் சட்டத்துக்கு விரோதம்னு கோர்ட் சொன்னுச்சு. ரெண்டு சென்ட்டுக்காக ஒரு மனுஷன் நாட்டோட உச்ச கோர்ட் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சேன்னுதான் எனக்கு இன்னைக்கும் மனசு ஆறல.

இதை ஏன் நான் இவ்வளவு தூரம் படிச்சேன்னா, அமெரிக்கா வந்த புதுசுல ரெண்டு வருஷம் நியூ ஜெர்சியில ஒரு பங்க்ல நைட் ஷிஃப்ட் பாத்தேன். அந்த மாநிலத்துல கஸ்டமர் தானே இறங்கிப் பெட்ரோல் போட்டுக்க முடியாது, 1949லயே சட்டம் போட்டுட்டாங்க, அதனால பம்ப்ல நிக்க ஆள் வேணும், அந்த ஆள் நான். ஓனர் ஒரு பஞ்சாபிக்காரர், எல்லாரும் பாஜின்னுதான் கூப்பிடுவோம். ராத்திரி கடைசியா தரைக்கடியில இருக்கிற டேங்க்கோட மூடியைத் திறந்து நீளக் கோலை இறக்கி சரக்கு எவ்வளவு இருக்குன்னு பாக்கணும், கோல் நுனியில ஒரு பேஸ்ட் தடவி விடுவோம், அடியில தண்ணி கிடந்தா நிறம் மாறிடும். சாயந்திரம் அவரோட ஃபோனுக்கு ஒரு மெசேஜ் வரும், நாளைக்கு லோடு இந்த விலைன்னு. அந்த மெசேஜைப் பாத்துட்டு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், அதே பிராண்ட் போர்டு தொங்குற இன்னொரு பங்க்கோட விலைப் பலகையைப் பாப்பாரு. சில நாள் அவங்க ஜனங்களுக்கு விக்கிற விலை, இவருக்கு லோடு வர்ற விலையை விடக் கம்மியா இருக்கும். அன்னைக்கு அவர் டீ குடிக்க மாட்டாரு, சும்மா கண்ணாடி வழியா அந்தப் பக்கமே பாத்துட்டு உக்காந்திருப்பாரு.

இந்தத் தொழிலோட அடிப்படைச் சிக்கலை ஒரு டீக்கடையா நினைச்சுப் பாத்தா சுலபமாப் புரியும். கடை இருக்கிற கட்டடம் ஒருத்தனோடது. பால் அவன்கிட்டதான் வாங்கணும், வேற எங்கயும் வாங்கக் கூடாது. வாசல்ல தொங்குற போர்டும் அவன் பேருல. பால் என்ன விலைன்னு அன்னன்னைக்கு அவன்தான் சொல்லுவான். இதெல்லாம் போக எதிர்த்தாப்புல அவனே சொந்தமா ஒரு டீக்கடை நடத்துவான். அமெரிக்காவுல கம்பெனிகிட்ட லீஸுக்கு எடுத்து பங்க் நடத்துற டீலரோட நிலைமை பல காலமா இதுதான். நில ஓனர், சப்ளையர், பிராண்ட் ஓனர், சில இடத்துல போட்டியாளர், இந்த நாலு பேரும் ஒரே ஆள்.

அந்தக் காலத்துல பெட்ரோல் மட்டும் இல்ல, டயர் பேட்டரி கூட கம்பெனி கைகாட்டுற பிராண்டைத்தான் டீலர் வாங்கணும்ங்கிற நெருக்கடி இருந்துச்சு. டெக்சாகோ டீலருங்க குட்ரிச் டயர் வாங்கினா டெக்சாகோவுக்கு 10 சதவீதம் கமிஷன் போகும்னு ஒரு ஏற்பாடு, அது 1968ல சுப்ரீம் கோர்ட்ல அடிபட்டுச்சு. யாரும் துப்பாக்கி காட்டி வாங்கச் சொல்லல, ஆனா லீஸ் அவன் கையில இருக்கிறப்ப அவன் லேசா விரலைக் காட்டினாலே போதுமே, அந்தப் பிடியே ஒரு வற்புறுத்தல்தான்னு கோர்ட் எடுத்துக்கிச்சு. டீலரோட வாழ்க்கையை ஓரளவு உள்ளேயிருந்து புரிஞ்சுக்கிட்ட தீர்ப்பு அது.

அப்புறம் 1973 அக்டோபர்ல அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தினதும் நிலைமை மோசமாச்சு. சரக்கு தட்டுப்பாடு, பங்க் வாசல்ல கிலோமீட்டர் கணக்குல வண்டி வரிசை. மேரிலாந்து மாநிலத்துல ஒரு கணக்கெடுப்பு எடுத்துப் பாத்தாங்க, ஆயில் கம்பெனிங்க தாங்களே நடத்துற பங்க்குக்கு சலுகை காட்டி சரக்கு குடுத்திருக்காங்க, தனி டீலருங்களைக் காய விட்டிருக்காங்கன்னு தெரிஞ்சுது. உடனே அந்த மாநிலம், எண்ணெய் எடுக்கிற சுத்திகரிக்கிற கம்பெனி எதுவும் சில்லறை பங்க் நடத்தக் கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு, விலைத் தள்ளுபடி குடுத்தா எல்லா டீலருக்கும் ஒரே மாதிரி குடுக்கணும்னும் சொல்லுச்சு. எக்சான் எதிர்த்துப் போச்சு, 1978 ஜூன் 14ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் மாநிலம் பக்கம் நின்னுச்சு.

அதுக்கு அஞ்சு நாள் கழிச்சு, ஜூன் 19ஆம் தேதி, ஜனாதிபதி கார்ட்டர் பெட்ரோலியம் மார்க்கெட்டிங் பிராக்டிசஸ் ஆக்ட்ல கையெழுத்துப் போட்டாரு. டீலருங்க சுருக்கமா பிஎம்பிஏன்னு சொல்ற சட்டம் இதுதான், இன்னைக்கும் நாடு முழுக்க இதுதான் அவங்களுக்கு முதல் கேடயம்.

இந்தச் சட்டம் என்ன பண்ணுச்சுன்னா, சும்மா நினைச்ச நேரத்துல டீலரைத் தூக்க முடியாது, புதுப்பிக்காம விடவும் முடியாது, சட்டத்துல எழுதியிருக்கிற காரணங்கள்ல ஒண்ணு இருக்கணும். வாடகையோ சரக்குப் பணமோ கட்டல, தொடர்ந்து ஏழு நாள் கடையைத் திறக்கல, கலப்படம் பண்ணாரு, திவாலாயிட்டாரு, கடையைச் சுத்தமாப் பாதுகாப்பா வெச்சுக்கல, இந்த மாதிரி. பொதுவா 90 நாள் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும், காரணத்தைச் சொல்லணும். கம்பெனி அந்த இடத்தையே விக்கப் போறதா இருந்தா நியாயமான விலையில முதல்ல டீலர்கிட்ட கேக்கணும், இல்லைன்னா வெளி ஆள் குடுக்கிற விலையிலயே வாங்கிக்கிற முதல் உரிமையாவது அவருக்குத் தரணும். 1994ல ஒரு திருத்தம் வந்துச்சு, "உனக்கு லீஸ் வேணும்னா சட்டப்படி இருக்கிற உரிமையை எல்லாம் விட்டுக்கொடுத்து எழுதிக் குடு"ன்னு கம்பெனி நிபந்தனை போட முடியாது. இப்படி ஒரு திருத்தம் தேவைப்பட்டுச்சுன்னாலே அதுக்கு முன்னாடி என்ன நடந்திருக்கும்னு யோசிச்சுக்கலாம்.

கோர்ட்டுக்குப் போனா டீலருக்கு சில வசதியும் குடுத்துச்சு, இதை எழுதினவங்க உண்மையிலேயே யோசிச்சுதான் எழுதியிருக்காங்க. என்னை வெளியே அனுப்பிட்டாங்கன்னு மட்டும் டீலர் நிரூபிச்சா போதும், அதுக்குச் சரியான காரணம் இருந்துச்சுன்னு நிரூபிக்க வேண்டியது கம்பெனி. கேஸ் முடியற வரைக்கும் கடையைத் தொடர்ந்து நடத்த இடைக்காலத் தடை வாங்குறதும் மத்த கேஸை விட இதுல சுலபம், ஜெயிச்சுடுவேன்னு காட்ட வேண்டியதில்ல, விசாரிக்கத் தகுந்த கேள்வி இருக்கு, தடை குடுக்கலைன்னா எனக்குத்தான் கஷ்டம் அதிகம்னு காட்டினாலே போதும். ஜெயிச்சா நஷ்டஈடு. கம்பெனி சட்டத்தை வேணும்னே மதிக்காம நடந்திருந்தா அதுக்கு மேல தண்டனையா ஒரு தொகை. வக்கீல் ஃபீஸும் கம்பெனி தலையில. ஆனா ஒரு வருஷத்துக்குள்ள கேஸ் போட்டாகணும், அது தாண்டினா போச்சு.

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பாக்கணும், ஏன்னா பேப்பர்ல படிக்கிறப்ப எல்லாத்தையும் அபராதம்னு ஒரே வார்த்தையில போட்டுடறாங்க. நஷ்டஈடுங்கிறது டீலர் இழந்த காசு, டீலருக்கே வரும். தண்டனைத் தொகையும் அவருக்குத்தான் வரும், ஆனா கம்பெனிக்குப் பாடம் கத்துக்குடுக்க. சிவில் பெனால்ட்டிங்கிறது வேற ஜாதி. அரசாங்கம் கேஸ் போடும், காசு கஜானாவுக்குப் போகும், யாரும் ஜெயிலுக்குப் போக மாட்டாங்க, கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகமே இல்லாம நிரூபிக்கணும்னும் இல்ல. முக்கியமா ஒவ்வொரு மீறலுக்கும் இவ்வளவுன்னு கணக்குப் போடலாம். அந்த "ஒவ்வொரு மீறலுக்கும்"ங்கிறதுலதான் காரம் இருக்கு.

இப்ப எனக்கு ரொம்ப உறுத்துற விஷயத்துக்கு வர்றேன். அந்த 1978 சட்டத்துக்கு ரெண்டாவது பாகம் ஒண்ணு உண்டு. அமெரிக்காவுல பெட்ரோல் பம்ப்ல 87, 89, 93ன்னு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்ல, அந்த ஆக்டேன் நம்பர் ஸ்டிக்கர் அந்த ரெண்டாவது பாகத்துல இருந்து வந்ததுதான். அந்த விதியை மீறினா மத்திய வர்த்தக கமிஷன் நடவடிக்கை எடுக்கும், ஒரு மீறலுக்கு 50,000 டாலருக்கு மேல சிவில் பெனால்ட்டி போட வழி இருக்கு. ஆனா முதல் பாகத்துல, அதாவது டீலரை அநியாயமா வெளிய தள்ளினா? அங்க கமிஷன் இல்ல, அதிகாரி இல்ல, சிவில் பெனால்ட்டி இல்ல. டீலரே சொந்தமா வக்கீல் பிடிச்சு, சொந்தமா கோர்ட்டுக்குப் போய், தனக்கு சரக்கு குடுக்கிற கம்பெனி மேலயே கேஸ் போடணும். ஒரே நாள்ல கையெழுத்தான ஒரே சட்டம், ஸ்டிக்கரைக் காப்பாத்த அரசாங்கம் வரும், அந்த பம்ப்பை இருபது வருஷமா நடத்துற மனுஷனைக் காப்பாத்த அவனேதான் வரணும்.

ஜனங்களை ஏமாத்தக் கூடாதுன்னு ஸ்டிக்கருக்கு அபராதம் போட்டது சரிதான், அதை நான் குறை சொல்லல. டீலர் விஷயத்துலயும் அதே அளவு அக்கறை இருந்திருக்கணும்னுதான் சொல்றேன்.

ஏன்னா கேஸ் போடுறது அவ்வளவு லேசான காரியம் இல்ல. வாஷிங்டன் மாநிலத்துல ஸ்போகேன்னு ஒரு ஊர், அங்க டெக்சாகோ டீலருங்க பன்னெண்டு பேரு. டெக்சாகோ அதே ஊர்ல ரெண்டு விநியோகஸ்தருக்கு இவங்களுக்குக் குடுக்கிறதை விடக் கம்மி விலையில சரக்கு குடுத்துச்சு, அந்தச் சரக்கு பக்கத்து பங்க்குல குறைஞ்ச விலைக்கு வந்துச்சு. அந்த விநியோகஸ்தர் லாரி கொண்டு வந்து தானே சரக்கு எடுத்துட்டுப் போறார்னா நாங்களும் சொந்தமா லாரி பிடிச்சு எடுத்துக்கறோம்னு டீலருங்க கேட்டுப் பாத்தாங்க, முடியாதுன்னுட்டாங்க. 1976ல கேஸ் போட்டாங்க. ஜூரி 4,49,900 டாலர் நஷ்டம்னு கணக்குப் போட்டுச்சு, போட்டிச் சட்டப்படி அது மூணு மடங்காகும். சுப்ரீம் கோர்ட் டீலருங்க பக்கம் தீர்ப்பு சொன்னது 1990ல. பதினாலு வருஷம்! அதுக்குள்ள எத்தனை பேர் கடையை மூடியிருப்பாங்க, எத்தனை பேர் பிள்ளைங்க வேற தொழிலுக்குப் போயிருப்பாங்க.

எக்சான் கேஸ் இதை விடப் பெருசு, இதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா கம்பெனி டீலரை நசுக்குறது பெரும்பாலும் எப்படி நடக்கும்னு இதுலதான் துல்லியமாத் தெரியும். 1982ல எக்சான் ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு, ரொக்கம் குடுத்து வாங்குறவங்களுக்கு விலை கம்மின்னு. டீலருங்க கிரெடிட் கார்டு விற்பனைக்கு 3 சதவீதம் கம்பெனிக்குக் கட்டணும், அதுக்குப் பதிலா ஹோல்சேல் விலையில கேலனுக்கு சராசரியா 1.7 சென்ட் குறைச்சுடறோம், ஆக மொத்தத்துல உங்களுக்கு நஷ்டம் இல்லைன்னு வாக்குக் குடுத்தாங்க. கொஞ்ச மாசம் குறைச்சாங்க. 1983ல அந்தக் குறைப்பை சத்தமில்லாம நிறுத்திட்டாங்க, 3 சதவீதம் மட்டும் தொடர்ந்து பிடிச்சாங்க. டீலருக்கு எப்படித் தெரியும்? ஹோல்சேல் விலை அடிக்கடி ஏறி இறங்கிட்டே இருக்கும், அதை முடிவு பண்றதும் கம்பெனி, பில்லுல ஒரே ஒரு எண்தான் வரும், அந்த எண்ணுக்குள்ள 1.7 சென்ட் இருக்கா இல்லையான்னு வெளியில இருந்து பாக்கிறவனுக்குத் தெரிய வழியே இல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. மாசம் ஒரு லட்சம் கேலன் விக்கிற பங்க்னு வெச்சுக்குவோம், 1.7 சென்ட்னா மாசம் 1,700 டாலர், வருஷத்துக்கு 20,400 டாலர். கேலனுக்குச் சில சென்ட் மார்ஜின்ல ஓடுற தொழில்ல இது ஒரு ஆளோட சம்பளம். ஒரு தடவைக்கு ஒரு லோடுல பாத்தா கண்ணுலயே படாது, பதினொரு வருஷம் சேத்தா ரெண்டு லட்சத்து இருபதாயிரம் டாலர் தாண்டும்.

1991ல ஃப்ளோரிடா ஃபெடரல் கோர்ட்ல கேஸ் போட்டாங்க, 35 மாநிலத்துல இருந்து சுமார் 10,000 டீலருங்க. முதல் தடவை ஜூரி ஒரு முடிவுக்கு வர முடியல. 2001ல ரெண்டாவது விசாரணையில ஜூரி டீலருங்க பக்கம் சொன்னுச்சு, சுமார் 50 கோடி டாலர், வட்டி சேர்ந்து 100 கோடியைத் தாண்டிப் போச்சு. ஒப்பந்தத்துல விலையை நாங்களே நிர்ணயிப்போம்னு எழுதியிருந்தாலும் அதை நல்லெண்ணத்தோட செய்யணும், சொன்ன வாக்கை ஒளிச்சு வெச்சு செய்யக் கூடாதுங்கிறதுதான் டீலருங்களோட வாதம். எக்சான் மறுபடி மேல போச்சு, சுப்ரீம் கோர்ட்ல வந்த கேள்வியே விநோதம், தனித்தனியா பாத்தா சில டீலரோட நஷ்டம் ஃபெடரல் கோர்ட்டுக்குத் தேவையான குறைந்தபட்ச தொகைக்குக் கீழ இருக்கே, அவங்களையும் சேத்துக்கலாமா கூடாதாங்கிறதுதான். 2005 ஜூன்ல 5க்கு 4ன்னு டீலருங்க ஜெயிச்சாங்க. கடைசியில 107.5 கோடி டாலருக்கு சமரசம் ஆச்சு.

கவனிச்சுப் பாத்தா இது பிஎம்பிஏ கேஸே இல்ல. யாரையும் வெளிய தள்ளல, நோட்டீஸ் குடுக்கல, பூட்டுப் போடல. இது சாதாரண ஒப்பந்த மீறல் கேஸ். கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளினாத்தான் 1978 சட்டம் ஓடி வரும், கழுத்துல கையை வெச்சு மெதுவா அழுத்திக்கிட்டே இருந்தா வராது.

இதை ஊர்ஜிதம் பண்ணின மாதிரி 2010ல ஒரு தீர்ப்பு வந்துச்சு. மாசசூசெட்ஸ்ல ஷெல் டீலருங்க. 1982ல இருந்து ஷெல் அவங்களுக்கு வாடகையில ஒரு சலுகை குடுத்துச்சு, ஒரு அளவுக்கு மேல எவ்வளவு கேலன் விக்கிறாங்களோ அந்த அளவுக்கு வாடகை குறையும். எழுத்துல என்ன இருந்துச்சுன்னா 30 நாள் நோட்டீஸ்ல ரத்து பண்ணலாம்னு இருந்துச்சு. வாய் வார்த்தையா என்ன சொன்னாங்கன்னா இதுவோ இது மாதிரி ஒண்ணோ எப்பவும் இருக்கும்னு சொன்னாங்க. டீலருங்க அந்த வார்த்தையை நம்பி ராப்பகலா கடையைத் திறந்து வெச்சு விற்பனையை ஏத்தினாங்க. 1998ல ஷெல் வேற ரெண்டு கம்பெனியோட சேந்து மோட்டிவான்னு புதுக் கம்பெனி ஆரம்பிச்சு லீஸை எல்லாம் அங்க மாத்திடுச்சு, 2000 ஜனவரி 1ல இருந்து அந்தச் சலுகையை மோட்டிவா தூக்கிடுச்சு, அப்புறம் லீஸ் முடிய முடிய புது கணக்குல வாடகை போட்டுச்சு, பல பேருக்கு வாடகை ஏறிடுச்சு. 2001ல 63 பேரு கேஸ் போட்டாங்க.

அவங்க வாதம், எங்களை நேரடியா வெளியேத்தல, ஆனா தொழில் பண்ண முடியாத அளவுக்கு நெருக்கிட்டாங்க, அதுவும் வெளியேத்துறதுக்குச் சமம்தானேங்கிறது. முதல்ல எட்டு டீலரோட கேஸ் விசாரணைக்கு வந்துச்சு, ஜூரி ஒத்துக்கிட்டு கிட்டத்தட்ட 13 லட்சம் டாலர் குடுக்கச் சொன்னுச்சு. சுப்ரீம் கோர்ட் அதை ஒருமனதா மாத்திடுச்சு, ஜட்ஜ் அலிட்டோ எழுதின தீர்ப்பு. முடிச்சுட்டாங்கன்னா முடியணும், நீங்க இன்னும் அதே இடத்துல அதே போர்டு மாட்டி அதே சரக்கு வித்துட்டு இருக்கீங்க, அப்புறம் எப்படி முடிச்சுட்டாங்கன்னு சொல்றீங்க? புது லீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா புதுப்பிச்சாச்சு, எதிர்ப்பைத் தெரிவிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது புதுப்பிச்சதுதான்.

வார்த்தைக்கு வார்த்தை பாத்தா கோர்ட் சொன்னதுல தப்பில்ல, சட்டத்துல அப்படித்தான் எழுதியிருக்கு. ஆனா நடைமுறையில இதோட அர்த்தம் என்ன? கேஸ் போடணும்னா டீலர் முதல்ல கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லி கடையை இழக்கத் தயாரா நிக்கணும். வீட்டுக் கடன், பிள்ளை காலேஜ் ஃபீஸ், வேலை பாக்கிற நாலஞ்சு பேரோட சம்பளம், இதையெல்லாம் ஓரமா வெச்சுட்டு கோர்ட் தடை குடுக்கும்ங்கிற நம்பிக்கையில நிக்கணும். எத்தனை பேரால முடியும்?

மாநிலச் சட்டப்படி ஒப்பந்த கேஸ் போடலாம், அதை நாங்க தடுக்கலன்னும் அதே தீர்ப்புல கோர்ட் சொல்லியிருக்கு. டீலரை வெளியேத்துற விஷயத்துலயும் புதுப்பிக்காத விஷயத்துலயும் மத்திய சட்டத்துக்கு மாறா மாநிலம் எதுவும் செய்ய முடியாது, ஆனா வாடகை, விலைப் பாகுபாடு, கட்டாயமா விளம்பரத் திட்டத்துல சேக்கிறது, கட்டாய வேலை நேரம், இதெல்லாம் மாநிலத்தோட கையில இருக்கிற விஷயங்கள். வாஷிங்டன் மாநிலம் 1986ல பெட்ரோல் டீலர்களுக்கு உரிமைச் சாசனம்னே பேர் வெச்சு ஒரு சட்டம் போட்டுச்சு. சிவில் பெனால்ட்டிங்கிற ஆயுதமும் பெரும்பாலும் மாநிலங்கள்கிட்டதான் இருக்கு. கலிஃபோர்னியாவுல நியாயமற்ற தொழில் போட்டிச் சட்டம்னு ஒண்ணு உண்டு, வேற எந்தச் சட்டத்தை மீறின வியாபார நடவடிக்கையா இருந்தாலும் அதை இதுக்குள்ள கொண்டு வந்து மாநிலத்தோட தலைமை அரசு வக்கீலான அட்டர்னி ஜெனரலோ மாவட்ட அரசு வக்கீலோ ஒரு மீறலுக்கு 2,500 டாலர் வரைக்கும் கேக்கலாம். மாசசூசெட்ஸ்ல அதே மாதிரி சட்டத்துல 5,000 டாலர் வரைக்கும்.

2,500 டாலர் ஒரு ஆயில் கம்பெனிக்கு என்ன கணக்குன்னு தோணும். ஆனா பெருக்கிப் பாருங்க, 200 பங்க், ஒவ்வொண்ணுலயும் வாரம் ஒரு லோடுக்குத் தப்பான பில்லுன்னு வெச்சா வருஷத்துக்கு பத்தாயிரத்துக்கு மேல பில்லு, கோர்ட் ஒவ்வொரு பில்லையும் ஒரு மீறலா எண்ணினா அது கம்பெனியோட போர்டு மீட்டிங்ல பேச வேண்டிய தொகை ஆயிடும். எப்படி எண்ணறதுங்கிறது ஜட்ஜோட கையில இருக்கு, அதுக்குத்தான் ரெண்டு பக்க வக்கீலும் மல்லுக்கட்டுவாங்க. அதை விட எனக்கு முக்கியமாப் படுறது, கேஸ் போடறவர் பேரு. அட்டர்னி ஜெனரல் கேஸ் போட்டா கம்பெனி அவருக்கு நாளைக்கு லோடு லேட்டா அனுப்ப முடியாது, அவரோட லீஸைப் புதுப்பிக்க மாட்டேன்னு சொல்ல முடியாது. 1.7 சென்ட் மாதிரி சின்னச் சின்னதா பத்தாயிரம் பேர்கிட்ட எடுக்கிற விஷயத்துல தனி ஆள் கேஸ் போட்டா வக்கீல் செலவுக்கே கட்டுப்படியாகாது, அரசாங்கம் ஒருத்தர்தான் மொத்தத்தையும் சேத்துப் பாக்க முடியும்.

மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாம விட்டா நேர்மையா இருக்காது. டீலருக்கு ரொம்பப் பாதுகாப்பு குடுத்தா கடைசியில பெட்ரோல் போடறவன் தலையில விலை ஏறும்னு கம்பெனிங்க சொல்லுவாங்க. கம்பெனி பங்க் நடத்தக் கூடாதுங்கிற மேரிலாந்து மாதிரி சட்டங்களை வர்த்தக கமிஷனோட பொருளாதார ஆளுங்களே எதிர்த்து எழுதியிருக்காங்க, கேலனுக்குச் சில சென்ட் ஏறுதுன்னு. மாநிலம் நல்லது பண்றேன்னு போட்ட சட்டம் சரியா வேலை செய்யாம போறதும் உண்டு. 1997ல ஹவாய், டீலர்கிட்ட வாங்குற வாடகைக்கு உச்சவரம்பு போட்டுச்சு, பெட்ரோல் லாபத்துல 15 சதவீதம், மத்த பொருள் விற்பனையில 15 சதவீதம்னு. அந்தத் தீவுகள்ல ஹோல்சேல் பெட்ரோல்ல அறுபது சதவீதம் செவ்ரான் கையில. செவ்ரான் கேஸ் போட்டுச்சு, எங்க சொத்தைப் பறிக்கிறாங்கன்னு. கணக்குப் பாத்தப்ப, செவ்ரானோட 64 டீலர் பங்க்ல 11 இடத்துல மட்டும் வருஷத்துக்கு சுமார் 2,07,000 டாலர் வாடகை குறையுது, பாக்கி 53 இடத்துல வாங்கிட்டு இருக்கிறதை விட அதிகமாவே வாங்க அந்தச் சட்டம் இடம் குடுக்குது, கூட்டிக் கழிச்சா கம்பெனிக்கு வருஷம் கிட்டத்தட்ட 11 லட்சம் டாலர் கூடுதலாவே வரலாம். 2005ல சுப்ரீம் கோர்ட்ல ஹவாய்தான் ஜெயிச்சுது, ஒரு சட்டம் நல்ல பலன் தருமா தராதான்னு பாத்து அதை வெச்சு சொத்துப் பறிப்புன்னு சொல்ற வேலை கோர்ட்டுக்கு இல்லைன்னு ஜட்ஜ் ஓகானர் எழுதினாங்க. சொத்துரிமை படிக்கிற மாணவங்களுக்கு அது பெரிய தீர்ப்பு. டீலருக்கு என்ன கிடைச்சுதுன்னு கேட்டா, அந்தக் கணக்கைப் பாத்தாலே தெரியும். சதவீதத்தைத் தப்பாப் போட்டா பாதுகாக்கிற சட்டமே வாடகையை ஏத்துற அனுமதிச் சீட்டா ஆயிடும்.

நம்ம ஊர்ல எப்படின்னு கேக்கத் தோணும். இந்தியாவுல ஒழுங்கு விதிகள்னு இருக்கிறது பெரும்பாலும் டீலர் தப்பு பண்ணா என்ன தண்டனைங்கிறதுதான், கம்பெனி தப்பு பண்ணா என்னன்னு பிஎம்பிஏ மாதிரி தனிச் சட்டம் கிடையாது. 1990ல இந்தியன் ஆயில், அமிர்தசரஸ் கேஸ் சர்வீஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது, 30 நாள் நோட்டீஸ் குடுத்து யார் வேணா முடிச்சுக்கலாம்னு ஒப்பந்தத்துல இருந்தா, தப்பா ரத்து பண்ணியிருந்தாலும் ஏஜென்சியைத் திருப்பிக் குடுக்கச் சொல்ல முடியாது, அந்த 30 நாளுக்கான நஷ்டஈடுதான். ஆனா நம்ம ஆயில் கம்பெனிங்கள்ல பெரும்பாலானது அரசு நிறுவனங்கிறதால டீலர் ரிட் மனு போட ஒரு கதவு திறந்திருக்கு, 2002ல ஒரு டீலரோட கேஸ்ல ஒப்பந்தத்துல மத்தியஸ்தம்னு இருந்தாலும் ரிட் போடலாம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லி டீலர்ஷிப்பைத் திருப்பிக் குடுக்க வெச்சுது. அமெரிக்க டீலருக்கு அந்தக் கதவு இல்ல, அங்க எல்லாம் தனியார்.

அமெரிக்காவுலயும் இப்ப பெரிய கம்பெனிங்க பங்க்கை எல்லாம் வித்துட்டு விலகிட்டே இருக்காங்க. 2008ல எக்சான்மொபில் மிச்சமிருந்த சுமார் 2,200 சொந்த பங்க்கையும் விக்கப் போறோம்னு அறிவிச்சுது. நடுவுல விநியோகஸ்தர் வந்துட்டாரு, நிலமும் அவரோடது, சப்ளை ஒப்பந்தமும் அவர் கையில, போர்டு மட்டும் பழைய கம்பெனி பேருல. விநியோகஸ்தருக்கும் பிஎம்பிஏ பொருந்தும், சட்டம் அதை ஆரம்பத்துலயே யோசிச்சிருக்கு. டீலருக்கு மெசேஜ் அனுப்புற நம்பர்தான் மாறியிருக்கு.

பாஜிக்கும் அப்படி ஒரு விநியோகஸ்தர்தான். நான் அங்க இருந்த ரெண்டாவது வருஷம் புது லீஸ் பேப்பர் வந்துச்சு, நாப்பது பக்கத்துக்கு மேல, வாடகை ஏத்தியிருந்தாங்க, ரெண்டு வாரத்துக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பணும். தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்ட ஃபோன்ல பேசினாரு, கையெழுத்துப் போடலைன்னா கோர்ட்ல தடை வாங்கலாம், கிடைக்கும்னு உறுதி சொல்ல முடியாதுன்னு அவர் சொல்லிட்டாரு. பாஜி மூணு நாள் அந்தப் பேப்பரை கவுன்ட்டருக்கு அடியில லாட்டரி டிக்கெட் கட்டு பக்கத்துல வெச்சிருந்தாரு. நாலாவது நாள் ராத்திரி நான் டேங்க் அளவு எடுத்துட்டு உள்ள வந்தப்ப கையெழுத்துப் போட்டுட்டு இருந்தாரு. கடைசிப் பக்கத்துல பேருக்குக் கீழ, முழு சம்மதத்தோட கையெழுத்துப் போடலைன்னு ஒரு வரி எழுதட்டுமான்னு என்கிட்ட கேட்டாரு, எழுதுங்க பாஜின்னு சொன்னேன். எனக்கு அப்ப அந்த மாசசூசெட்ஸ் தீர்ப்பைப் பத்தி எதுவும் தெரியாது.